உயரமான ஹாக்கி ஆட்டக்காரர்: உடம்பை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் தொடங்கிவிட்டால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், உம்பிலோவில் இருக்கும் குயின்ஸ்மீட் மைதானத்துக்கு வந்துவிடுகின்றன. எல்லைக்கோட்டோரம் ஆண்டுதோறும் ஒரே வாக்குவாதம்தான். "ஆறடி நாலு அங்குலம் வளர்ந்திருக்கான், உடம்பைப் போட்டு ஆட மாட்டேங்கிறானே" என்பார் ஒருவர். "அவன் இல்லேன்னா பின்னாடி எத்தனை கோல் விழுந்திருக்கும் தெரியுமா அண்ணா?" என்பார் அடுத்தவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பெற்றோருக்கும், பள்ளி, கிளப் அணிகளைப் பழக்குவோருக்கும், உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். பேசுவது மட்டையும் டர்ஃபும் கொண்ட நம் ஹாக்கியைப் பற்றி. பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியின் சட்டங்கள் வேறு.

இவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் ஏன் மோதி ஆடுவதில்லை?

மோதினால் தப்பாட்டம். ரக்பி பார்த்துப் பழகிய கண்ணோடு ஹாக்கி பார்ப்பதால் வரும் கேள்வி இது. ஹாக்கியில் எதிராளியின் உடம்பையோ மட்டையையோ உடையையோ தொடக்கூடாது. தோளால் தள்ளக்கூடாது, முதுகைக் கொடுத்துப் பின்னோக்கி நகர்ந்து அவரை விலக்கக்கூடாது. பந்தை மறைக்க உடம்பையோ மட்டையையோ நடுவில் நிறுத்தினால் அது 'அப்ஸ்ட்ரக்ஷன்'. வட்டத்துக்குள் (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பகுதி) தடுப்பாட்டக்காரர் இதைச் செய்தால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் (பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி, கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு) கிடைத்துவிடும்.

அட்டையும் வரும். பச்சை என்றால் 2 நிமிடம் வெளியே, மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். 15 நிமிடக் கால் பகுதியில் 5 நிமிடம் பத்துப் பேராக ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரே மாதிரி உரசலில் சின்ன ஆள் கீழே விழுவார், பெரிய ஆள் நின்றுகொண்டிருப்பார். அம்பயரின் விசில் நிற்பவருக்கு எதிராக ஊதப்படும் வாய்ப்பே அதிகம். "உடம்பைப் போடு" என்று வெளியிலிருந்து கத்துவது உயரமான பிள்ளைக்கு உதவி அல்ல, அவரை அட்டைக்குத் தள்ளிவிடுவதுதான்.

அப்படியானால் உயரத்தால் என்ன லாபம்?

எட்டுதூரம். அதுவும் கணக்குப் போட்டுப் பார்த்தால் நினைப்பதைவிடக் குறைவு. கைகளை விரித்த நீளம் பொதுவாக ஆளின் உயரத்துக்குச் சமம். ஆகவே 15 செ.மீ. உயரம் கூடினால் ஒரு கைக்குக் கிடைப்பது சுமார் 7 செ.மீ. ஹாக்கிப் பந்தின் சுற்றளவு 224 முதல் 235 மி.மீ., அதாவது குறுக்களவு 7 செ.மீ.க்குச் சற்று மேல். உயரம் கையில் தரும் லாபம் கிட்டத்தட்ட ஒரு பந்தின் அகலம். காலும் நீளம் என்பதால் பாய்ந்து எட்டும்போது இன்னும் கொஞ்சம் கூடும்.

அந்தப் பந்து அகலம் போதும், குனியத் தெரிந்தால்.

குனிவதில் அப்படி என்ன இருக்கிறது?

எங்களைக் கேட்டால் முழு வாக்குவாதமும் இதில்தான் முடிகிறது. 95 செ.மீ. மட்டையின் நுனியை இடது கையால் பிடித்து, தலைப்பகுதியைத் தரையில் வையுங்கள். முஷ்டி இடுப்பருகே, தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் இருந்தால், முஷ்டிக்கு நேர்கீழே இருந்து மட்டைத்தலை 42 செ.மீ. தூரம்தான் போகும். அதே முஷ்டியை முழங்கால் மட்டத்துக்கு, 50 செ.மீ. உயரத்துக்குத் தாழ்த்தினால் 81 செ.மீ. போகும். கிட்டத்தட்ட இரு மடங்கு. உயரம் 7 செ.மீ. கொடுத்தது. நிமிர்ந்த முதுகு 39 செ.மீ.யைப் பறித்துக்கொண்டது.

அதனால்தான் 1.70 மீட்டர் ஆள் தாழ்ந்து ஆடி, 1.93 மீட்டர் ஆளைவிட அதிக இடத்தை அடைக்கிறார். நெட்டால் பக்கத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஜான்டி ரோட்ஸைப் பாருங்கள். கிரிக்கெட்டில் பெயர் வாங்கியவர், 1992 ஒலிம்பிக்குக்கான தென்னாப்பிரிக்க ஹாக்கி அணிக்கும் தேர்வானார் (அணி தகுதி பெறாததால் போகவில்லை). அவர் தரையோடு எவ்வளவு ஒட்டி நகர்ந்தார் என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இடுப்பிலிருந்து வளைவது குனிவது ஆகாது. முழங்காலை மடக்கி, இடுப்பைக் கீழே இறக்கி, முதுகை நேராக வைத்து, தலையை நிமிர்த்தியிருக்க வேண்டும். பயிற்சிக்கு 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு வையுங்கள். தாழ்ந்த நிலையிலேயே பக்கவாட்டில் போய்வர வேண்டும், ஒவ்வொரு கூம்பிலும் இடது முஷ்டி முழங்கால் மட்டத்துக்கு இறங்கி மட்டை தரையைத் தொட வேண்டும். 20 விநாடி வேலை, 40 விநாடி ஓய்வு, 6 சுற்று, வாரம் மூன்று நாள். நான்காவது சுற்றில் இடுப்பு மேலே வரத் தொடங்கும். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் நடப்பதும் அதுவேதான்.

குள்ளமான முன்கள ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார். ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, சீக்கிரமே பாய்வது. எட்டும் என்ற நம்பிக்கையில் உயரமான ஆள் முழு எடையையும் முன்காலில் போட்டு ஜேப் செய்கிறார், அதாவது மட்டையைச் சட்டென நீட்டிப் பந்தைக் குத்துகிறார். எதிராளி பந்தை அரை மீட்டர் பக்கவாட்டில் இழுத்தால் போதும், பெரிய உடம்பு திரும்பி வர இரண்டு எட்டு ஆகும். மருந்து பொய் ஜேப். மட்டையை நீட்டி உடனே இழுத்துக்கொள்ள வேண்டும், எடை பின்காலிலேயே இருக்க வேண்டும். எதிராளி தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கும் கணத்தில்தான் உண்மையான ஜேப்.

இரண்டாவது, இடது காலைக் காட்டுவது. தடுப்பவரின் வலப்பக்கம் மட்டையின் தட்டையான முகம் இருக்கிறது, இடப்பக்கம் ரிவர்ஸ்தான், அதாவது மட்டையைத் திருப்பித்தான் ஆட வேண்டும். கெட்டிக்கார முன்கள ஆட்டக்காரர் நேராக அந்த இடது காலை நோக்கி வருவார். ஆகவே தடுப்பவர் நேருக்கு நேர் நிற்காமல் சற்று இடப்பக்கம் நகர்ந்து, இடது காலை முன்வைத்து, தன் வலப்பக்க வழியை மட்டும் திறந்துவிட வேண்டும். நீளக் கைக்கு அந்தப் பக்கம் வேட்டை எளிது.

மூன்றாவது, பாதம். 47 நம்பர் காலணியில் இரண்டு பாதமும் தட்டையாக, அகலமாக நின்றால் எதிராளிக்குக் குறி வைக்க வசதி. வட்டத்துக்குள் பந்து காலில் பட்டால் பெனால்டி கார்னர். நல்ல அணிகள் வேண்டுமென்றே உயரமான தடுப்பாட்டக்காரரின் காலைத் தேடி பந்தைத் தள்ளும். வட்டத்துக்குள் பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மட்டை அவற்றுக்கு முன்னால் தரையில்: இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எந்த இடத்தில் நிறுத்துவது நல்லது?

எங்கள் முதல் தேர்வு நடுப் பின்களம். அங்கே திரும்பி ஓடவேண்டிய தூரம் குறைவு, முன்னால் வரும் பாஸை வெட்டும் வேலை அதிகம். இரண்டாவது, தடுப்புக்கு முன்னால் நிற்கும் நடுக்கள 'ஸ்க்ரீன்' இடம். எதிரணியின் பாஸ் பாதையில் மட்டையைப் படுக்கவைத்தால் எதிராளி சுற்றி அனுப்ப வேண்டியிருக்கும், அதில் ஒரு விநாடி போகும். அந்த ஒரு விநாடியில் நம் அணி முழுவதும் திரும்பி நின்றுவிடும். இப்படிக் கிடைக்கும் பலன் ஸ்கோர் அட்டையில் வராது. "ஒண்ணுமே செய்யலையே" என்ற புகார் பெரும்பாலும் இந்த இடத்து ஆட்டக்காரர் மேல்தான் எழுகிறது.

ஓர இடங்களில் நிறுத்துவதை நாங்கள் விரும்பவில்லை. வேகமான விங்கரோடு 40 மீட்டர் ஓட்டப்போட்டி வைத்தால், நீண்ட கால் முழு வேகத்துக்கு வருவதற்குள் பந்து வட்டத்தில் இருக்கும்.

முன்களத்தில், வட்டத்தின் உச்சியில் நிறுத்தலாமா?

நிறுத்தலாம், சட்டம் தெரிந்தால். பந்தை வாங்குபவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றும் வாங்கலாம். கோலுக்கு முதுகு காட்டி நிற்பது குற்றமில்லை. குற்றம் அடுத்த கணத்தில் பிறக்கிறது: தடுப்பவர் மட்டை எட்டும் தூரத்துக்கு வந்து பந்தை எடுக்க முயலும்போது, முதுகால் அவரைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனால் விசில். ஆகவே வாங்கிய உடனே, முதல் தொடுதலிலேயே, பந்து தடுப்பவரிடமிருந்து விலகி ஓரத்துக்குப் போக வேண்டும். இல்லையேல் ஒரே தட்டில் ஓடிவரும் நடுக்கள ஆட்டக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் தொடுதலுக்குக் காத்திருந்தால் விசில்தான்.

உயரமானவர் முன்களத்தில் பெரும் பலன் தருவது தூரக் கம்பத்தில், அதாவது பந்து வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கோல் கம்பத்தருகே. குறுக்கே வரும் பந்துக்கு, இடது கையால் மட்டையை நீட்டி, உடம்பை முழுதாகத் தரையோரம் சாய்த்து ஒரு தொடுதல். இங்கே அந்த 7 செ.மீ. கோலாகவே மாறும்.

ஏரியல் (உயரத் தூக்கி அனுப்பும்) பந்துகளில் உயரம் உதவுமா?

மிக நன்றாக. மட்டையால் தோளுக்கு மேலும் பந்தை ஆடச் சட்டம் அனுமதிக்கிறது, ஆபத்தில்லாமல் ஆடினால் சரி. ஆனால் விழும் பந்தை வாங்க எதிராளி நின்றுவிட்டால், அவர் அதை வாங்கி, கட்டுப்படுத்தி, தரையில் வைக்கும்வரை 5 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. அந்த 5 மீட்டருக்குள், மட்டை எட்டும் தூரத்துக்கு வெளியே, பாதுகாப்பாக இடைமறிக்கலாம். உயரமானவருக்கு இது வரப்பிரசாதம். வாங்குபவருக்கு 3 மீட்டர் முன்னால் கையை உயர்த்தி பந்தை இறக்கிவிடுவார்.

கவனிக்கவேண்டியது பிடி. உயரப் பந்தை ஒரு கையால் வீசித் தொட்டால் அது யார் முகத்தில் போகும் என்று சொல்ல முடியாது. இரு கைப் பிடி, வலது கை தளர்வாக, மட்டை பந்தோடு சேர்ந்து கீழே இறங்க வேண்டும், முட்டையைப் பிடிப்பதுபோல.

டிராக் ஃபிளிக் உயரமானவர்களுக்குத்தான் வருமா?

பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்கு வீசுவதுதான் டிராக் ஃபிளிக். உயரம் உதவும், ஆனால் நிபந்தனை இல்லை. பந்து மட்டையில் ஒட்டியிருக்கும் தூரம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு வேகம் சேரும். நீண்ட காலும் கையும் அந்தத் தூரத்தைக் கூட்டும்.

வரிசை இது. இன்ஜெக்டர் (பின்கோட்டில் நிற்பவர்) தள்ளிய பந்தை வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறார்கள். ஃபிளிக் செய்பவர் குறுக்கெட்டு வைத்து வருகிறார். வலது பாதம் பந்தருகே வரும்போது மட்டையின் தண்டு பந்தின் பின்னால் படிகிறது. இடது பாதம் பந்தைத் தாண்டி நீளமாக விழுகிறது, முழங்கால் நன்றாக மடங்குகிறது. பிறகு இடுப்பு, அதன்பின் தோள், கடைசியில் மணிக்கட்டு. இந்த ஒழுங்கு குலைந்து தோள் முதலில் திரும்பினால் பந்து மட்டையைவிட்டுச் சீக்கிரமே நழுவி, வேகமில்லாமல் கீப்பர் காலுக்கு உருளும். இடுப்பு தாழாவிட்டால் கம்பத்துக்கு மேல் பறக்கும். உயரமான பையன்களிடம் நாம் பார்க்கும் பத்தில் எட்டுத் தவறு இந்த இரண்டாவது வகை.

முதல் அடி 'ஹிட்'டாக இருந்தால் கோல்கோட்டைக் கடக்கும்போது 460 மி.மீ. பலகை உயரத்தைத் தாண்டக்கூடாது. ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை, 2.14 மீட்டர் கோல் முழுவதும் குறியாகும். இந்த ஆயுதம் எவ்வளவு பெறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது: பெனால்டி கார்னரில் பெயர்பெற்ற பீட்டி கூட்சி 2011இல் சோவியத் வீராங்கனை நடாலியா கிராஸ்னிகோவாவின் 220 கோல் சாதனையைக் கடந்து, பெண்கள் சர்வதேச ஹாக்கியில் அதிக கோல் அடித்தவரானார்.

எச்சரிக்கை ஒன்று. ஃபிளிக் இடுப்புக்கு மேல் முதுகெலும்பை வளைத்து முறுக்குகிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு பயிற்சியில் 25க்கு மேல் வேண்டாம், அடுத்த நாள் ஓய்வு. ஒரு பக்கமாகக் கீழ்முதுகு வலித்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெனால்டி கார்னரைத் தடுக்கும்போது?

கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான். உயரமானவரைக் கம்பத்தருகே நிறுத்துவதுதான் வழக்கம். மேல் மூலைக்கு வரும் ஃபிளிக்கை மட்டையால் தட்டிவிட அவருக்கு எட்டும். கீழ் மூலைக்கு வருவதுதான் சங்கடம், அதனால் தொடக்கத்திலேயே மட்டையைத் தரையில் வைத்து நிற்கவேண்டும். மேலே தூக்குவது எளிது, கீழே இறக்குவது நேரமெடுக்கும்.

முதலில் ஓடி வெளியே போகும் வேலைக்கு வேகமானவரை விடுங்கள். யார் ஓடினாலும் முகமூடி, கையுறை, முழங்கால் கவசம் கட்டாயம். மட்டையால் ஆட முயலாமல் உடம்பைக் கொடுத்து அடியைத் தடுப்பது தப்பாட்டம். பெரிய உடம்பு இருக்கிறதே என்று சுவராக ஓடவிடாதீர்கள்.

எத்தனை அங்குல மட்டை வாங்குவது?

பெரியவர்களுக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 36.5 அங்குலம், அதாவது 92.7 செ.மீ. 1.85 மீட்டருக்கு மேல் என்றால் 37.5 (95.3 செ.மீ.), 1.95ஐத் தொட்டால் 38 அங்குலம் பாருங்கள். சட்டத்தின் உச்சவரம்பு 105 செ.மீ., எடை 737 கிராம். நேராக நின்று மட்டையைப் பக்கத்தில் நிறுத்தினால் நுனி இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே அல்லது சமமாக வரவேண்டும். மட்டை குட்டையாக இருந்தால் முதுகு வளைந்து வலிக்கும். நீளம் கூடினால் பந்து காலருகே வரும்போது கைக்கு இடமிருக்காது, முழங்கை வயிற்றில் இடிக்கும். வளரும் பிள்ளைக்கு "ரெண்டு வருஷத்துக்கு ஆகட்டும்" என்று நீளமாக வாங்கிக் கொடுப்பது வீண் செலவு.

ஜிம்மில் எடை கூட்டினால் சரியாகுமா?

எடை கூட்டுவது அல்ல, கால் பலம் கூட்டுவது. ஒற்றைக்கால் ஸ்க்வாட், முன்னெட்டு லஞ்ச், தொடையின் பின்தசைக்கான பயிற்சி, வாரம் இரண்டு முறை. வேகத்தைக் குறைக்கும் பலம்தான் உயரமானவருக்கு அவசியம், ஏனென்றால் அவர் தடுமாறுவது ஓடத் தொடங்கும்போதைவிட நிற்கும்போது.

14 வயதுப் பையன் ஓராண்டில் திடீரென வளர்ந்தான். ஆட்டம் கெட்டுவிட்டது. சோம்பேறித்தனமா?

இல்லை. எலும்பு முன்னே ஓடுகிறது, தசையும் மூளையும் பின்னால் வருகின்றன. நேற்றுவரை பந்து இருந்த தூரத்தில் இன்று இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி, குதிகால் வலி இரண்டும் இந்த வயதில் அடிக்கடி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் குறித்து உயரத்தை அளந்து பாருங்கள். வளர்ச்சி வேகமாக இருக்கும் மாதங்களில் குதித்தலையும் ஃபிளிக்கையும் குறைத்து, பந்தை வாங்குவது, தள்ளுவது போன்ற அடிப்படைகளைக் கூட்டுங்கள். அணியிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த ஆண்டு விலகிப் போகும் பிள்ளைகளில் பலர் திரும்பி வருவதில்லை, அது மனதை வருத்துகிறது.

இன்டோரில் எப்படி?

கீப்பரோடு ஆறு பேர், கோல் 3 மீட்டருக்கு 2 மீட்டர், பந்தை அடிக்க முடியாது, கோலை நோக்கித் தவிர உயர்த்தவும் முடியாது. மட்டை எப்போதும் தரையில். உயரமானவருக்குத் தாழ்ந்து நிற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கோடையில் ஒரு பருவம் ஆடவிடுங்கள்.

டர்பனில் நன்றாக ஆடுகிறவர் ஜோஹன்னஸ்பர்க் போனால் திணறுகிறாரே?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே போகிறார். அடுத்தடுத்து ஓடும்போது மூச்சு திரும்ப நேரமாகும், பெரிய உடம்புக்கு அது இன்னும் உறைக்கும். வழக்கமாக 7 நிமிடம் ஆடுபவரை 5 நிமிடத்தில் மாற்றுங்கள், ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். காற்று மெலிவு என்பதால் ஏரியல் பந்தும் கூடுதல் தூரம் பறக்கும். ஆட்டத்துக்கு முன் பத்து பந்தாவது வீசிப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அவர் அணிக்குப் பயன்படுகிறாரா என்று எப்படி அளப்பது?

கோல் எண்ணிக்கையை விடுங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு கால் பகுதிக்கும் தனித்தனியாகக் கோடு போடுங்கள்: இடைமறித்த பாஸ், வென்ற டேக்கிள் (பந்தைப் பறிக்கும் முயற்சி), தாண்டவிட்ட டேக்கிள், வட்டத்துக்குள் காலில் பட்ட பந்து, அவர் கொடுத்த முதல் பாஸ் நம் ஆளிடம் சேர்ந்ததா இல்லையா. மூன்று ஆட்டத்துக்கு இதைச் செய்யுங்கள், ஒரே ஆள் குறிக்கட்டும். தாண்டவிட்டவை நான்காம் கால் பகுதியில் மட்டும் கூடினால் அது உடல் தகுதிக் குறை, மாற்று நேரத்தைக் கூட்டுங்கள். எல்லாப் பகுதியிலும் ஒரே அளவில் இருந்தால் நிற்கும் முறை தப்பு, முஷ்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடைமறித்தவை அதிகமாக இருந்தும் முதல் பாஸ் எதிரணிக்கே போனால், அவர் பந்தை எடுத்ததும் பக்கத்தில் போய் நிற்க ஒரு நடுக்கள ஆட்டக்காரரைப் பழக்குங்கள்.